உப்பு காட்டாத குட்டி

அந்த வருஷம் எங்கள் பட்டியில் பிறந்த குட்டிகள் எல்லாம் மண் தின்றன.

புல் இல்லாமல் இல்லை. ஐப்பசி மழை நன்றாகப் பெய்து, கம்பைநல்லூர் போகிற பாதை நெடுகப் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் குட்டிகள் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எங்கள் வீட்டுச் சுவரை நக்கின. பூச்சு உதிர்ந்த இடமாகப் பார்த்து நின்று பல்லால் சுரண்டின. அதுவும் போதாமல் தாயாடுகளின் விலாவிலிருந்து ரோமத்தைப் பிடுங்கி மென்றன. வயிறு மட்டும் பானைபோல உப்பியிருக்கும். முதுகைத் தடவினால் எலும்பு கையில் குத்தும்.

அதே சுவரின் இன்னொரு மூலையில் என் அண்ணன் மகன் ராஜப்பன் உட்கார்ந்திருப்பான். அவனும் மண் தின்றான். மூன்று வயது முடிந்தும் அவன் எழுந்து நிற்கவில்லை. கால்கள் வில்போல வளைந்து, மணிக்கட்டுகள் தடித்து இருந்தன. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். இடுப்பில் வைத்துக்கொண்டால் கனமே இருக்காது. பேச்சு மட்டும் நன்றாக வந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். எல்லாம் அவனே வைத்த பேர்கள்.

எதிர்வீட்டு ராணியம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டே இதைப் பார்ப்பாள். "ஏண்டி காவேரி, அந்தப் பக்கம் ஆடு, இந்தப் பக்கம் பையன். ரெண்டும் சேந்து செவுத்தத் தின்னு முடிச்சா மழைக்கு எங்க வூட்டுக்குத்தான் வரோணும், ஆமா!" என்று சிரிப்பாள்.

அண்ணி காவேரி சிரிக்க மாட்டாள். பையனின் வாய்க்குள் விரலை விட்டு மண்ணை வழித்து எடுப்பாள். விரல்களில் வேப்பிலையை அரைத்துத் தடவுவாள். அவன் வேப்பிலையையும் நக்கிவிட்டு மறுபடி சுரண்டுவான். அவனுக்கு முன்னால் பிறந்த பெண்குழந்தை ஒன்று தங்கவில்லை. அதனால் அண்ணி அவனைத் தரையில் விட்டுவிட்டு நிம்மதியாக ஒரு குடம் தண்ணீர்கூட எடுத்துவர மாட்டாள்.

கார்த்திகையில் ஒரு கறுப்புத் தாயாடு இரட்டைக்குட்டி போட்டது. இரண்டும் கிடா. ஈரம் காய்வதற்கு முன்பே என் அம்மா பெரியம்மாள் இரண்டில் பெரியதைத் தூக்கி ராஜப்பனின் தலையைச் சுற்றினாள்.

"ஆத்தா மாரியம்மா, எம்பேரன் உன் கோயிலுக்குத் தங்காலால நடந்து வந்தா, இந்தக் கிடா உனக்கு" என்றாள்.

"பெரிசயா குடுக்கறீங்க?" என்று அண்ணன் மாதப்பன் கேட்டான்.

"சாமிக்குச் சின்னதக் குடுத்தா, அவளும் சின்னதாத்தாண்டா குடுப்பா."

சாமிக்கு விட்ட குட்டி என்றால் எங்கள் பக்கம் அதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. காது அறுக்கக்கூடாது. ரோமம் கத்தரிக்கக்கூடாது. நோய் வந்தால் சூடு போடுவதோ மருந்து புகட்டுவதோ கூடாது. அதைக் காப்பாற்றுவது சாமியின் வேலை. நாம் கை வைத்தால், உன்னால் முடியாது என்று சாமியிடமே சொல்வதுபோல ஆகிவிடும். யாருக்காக விட்டோமோ அந்த ஆளுக்கும் அப்படித்தான். அன்றோடு ராஜப்பனுக்கு எண்ணெயும் கஷாயமும் நின்றன. குட்டியின் கழுத்தில் மஞ்சள் துணி ஏறியது. ராஜப்பனின் இடுப்பிலும் அதே துணியில் ஒரு கிழிசல் ஏறியது. அவன் அந்தக் குட்டிக்குச் சாமிக்கண்ணு என்று பேர் வைத்தான்.

தை மாதம் குட்டிகள் சாகத் தொடங்கின. இரண்டாவது குட்டி செத்த அன்றைக்கு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் நஞ்சப்பன் எங்கள் ஊருக்கு அம்மை ஊசி போட வந்திருந்தார். ஊரெல்லாம் ஆட்டையும் மாட்டையும் கட்டி அடக்குகிறவர், நாய்க்கு மட்டும் அப்படிப் பயப்படுவார். எங்கள் நாய் குரைத்ததும் சைக்கிளை நடுவில் நிறுத்திக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தே பேசினார்.

"அம்மா, மொதல்ல இதக் கட்டுங்க. அப்புறம் செத்தது எதனாலன்னு சொல்றேன்."

நாயைக் கட்டினோம். செத்த குட்டியை வேலமரத்தடியில் கிடத்தி வயிற்றைக் கீறினார். நான் ராஜப்பனைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். புது ஆள் வந்தால் என்னால் முன்னால் போய் நிற்க முடியாது. அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. குட்டியின் வயிற்றிலிருந்து ஈரமண் ஒரு கை அளவு வந்தது. அதற்குள் ரோமம் சுருண்டு சுருண்டு எலுமிச்சங்காய் மாதிரி இரண்டு உருண்டைகள் இருந்தன.

"நாலு பை இருக்குதுங்க ஆட்டு வயித்துல" என்றார் நஞ்சப்பன். "பால் குடிக்கிற மட்டும் கடைசிப் பைக்குத்தான் வேல. மொதப் பை சும்மா சுருங்கிக் கெடக்கும். குட்டி தழையும் புல்லும் கடிக்கக் கடிக்கத்தான் அது விரியும். உள்ளுக்குள்ள மாட்டு நாக்காட்டம் சொரசொரன்னு ஆவும். அப்பத்தான் தின்னத அசை போட்டுச் சத்து எடுக்க முடியும். இதப் பாருங்க, வழவழன்னு காகிதமாட்டம் கெடக்குது. வளரவே இல்ல."

"ஏனுங்க வளரல?" அண்ணி கேட்டாள். அவள் அவருக்கு எதிரில் குந்தி, அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பும் சுண்ணாம்பும் பத்தலீங்க. தாய்ப்பால்லயும் பத்தல, இந்த மேச்சல்லயும் பத்தல. அதத் தேடித்தான் செவுத்தத் திங்குது. மண்ணு போய்ப் பைய அடச்சுக்குது. அடச்சுக்கிட்டா புல்லு எறங்காது. புல்லு எறங்கலன்னா பை வளராது. அவ்வளவுதான் சங்கதி."

சைக்கிளில் தொங்கிய தன் பையிலிருந்து ஒரு சிறிய பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். கல்லுப்பு, சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு, எலும்பைச் சுட்டு இடித்த சாம்பல், அதோடு செங்காவியாக ஒரு பொடி. இது தீர்ந்ததும் வீட்டிலேயே இடித்துக்கொள்ளச் சொன்னார். செங்காவிப் பொடியை மட்டும் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளலாம்.

எழுந்து கை கழுவும்போது கதவுப் பக்கம் பார்த்தார். ராஜப்பன் என் தோளில் சாய்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"பையனும் திங்கறானா?"

"ஆமாங்க" என்றாள் அண்ணி. அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "மூணு வயசாச்சுங்க. நிக்க மாட்டேங்கறான். இதே மருந்து..."

"அய்யய்யோ, இது ஆட்டுக்குங்க. மனுசப் புள்ளைக்கு நாஞ் சொல்லக்கூடாது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. மீன் எண்ணெயும் சுண்ணாம்புத் தண்ணியும் குடுப்பாங்க. கால் ஒண்ணும் கெட்டுப்போவல, எலும்புல சத்து இல்ல. அவ்வளவுதான்."

அம்மா உள்ளேயிருந்து வந்து அண்ணிக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். "ஆட்டப் பாத்தீங்கல்ல சாமி, போதும். பேரனச் சாமிகிட்ட விட்டாச்சு. ரெண்டு பக்கமும் கை ஏந்தக் கூடாது."

அவர் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, நாய் கட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்துப் போனார்.

பொட்டலம் சிறியதுதான். பட்டி முழுக்கப் பங்கிட்டால் குட்டிக்கு ஒரு நக்குக்குமேல் வராது. அது தீர்ந்ததும் அண்ணி தானே இடித்தாள். யுத்த காலம். கடையில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு இருந்தாலும் உப்பு கிடைத்தது. எலும்புகளைச் சூளைபோல அடுக்கிச் சுட்டாள். உரலில் போட்டு இடிக்கும்போது முகமெல்லாம் வெள்ளையாகிவிடும். வேலமரத்தடியில் இருந்த பழைய மரத்தொட்டியில் கொட்டி வைத்தாள். காலையில் பட்டி திறந்ததும் குட்டிகள் ஓடி வந்து முட்டிக்கொண்டு நக்கும்.

மாசி முடிவதற்குள் எங்கள் பட்டியை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. குட்டிகள் சுவரை மறந்தன. வேலங்காய் பொறுக்கின, துவரம்பொட்டு தின்றன. சாயங்காலம் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பெரிய ஆடுகள்போல அசை போட்டன. வயிற்றின் உப்பல் வடிந்து விலா நிரம்பியது. அண்ணி வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். "யப்பா, என்னா கனம்!" என்று இறக்கி விடுவாள். இரட்டையில் சிறியதாகப் பிறந்த குட்டியை அவளால் பங்குனியில் தூக்கவே முடியவில்லை.

சாமிக்கண்ணுவை மட்டும் தொட்டியருகே விடவில்லை. காலையில் பட்டி திறக்குமுன் அம்மா போய் அதைப் பிடித்துக்கொள்வாள். மற்றவை நக்கி முடிக்கும்வரை அது அம்மாவின் கையில் திமிறிக்கொண்டே இருக்கும். பிறந்தபோது இரண்டில் பெரியது அதுதான். இப்போது தம்பியின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து போகும் அளவுக்கு இருந்தது. அதன் தாயின் விலாவில் ரோமமே இல்லை, எல்லாவற்றையும் அதுவே பிடுங்கித் தின்றிருந்தது.

"அத்தெ, இதுக்கும் ஒரு நக்குக் காட்டலாங்க" என்றாள் அண்ணி ஒருநாள். "மருந்துன்னு எதுக்கு நெனைக்கறீங்க? உப்புதானே. நாமளும்தான் திங்கறோம்."

"கம்பவுண்டர் குடுத்தா அது மருந்துதான்."

"செத்துப்போச்சுன்னா?"

"வாய மூடுடி. சாமிக்கு விட்டது சாவாது." அம்மா சொல்லிவிட்டு உடனே ராஜப்பனைப் பார்த்தாள். அண்ணியும் பார்த்தாள்.

அண்ணன் இதில் எல்லாம் தலையிட மாட்டான். "அம்மா சொல்றபடி வுடு" என்பான். அண்ணி அழுதால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவான்.

பங்குனியில் ஒரு சந்தை நாள். அம்மா சந்தைக்கும் அண்ணன் ஏர் ஓட்டவும் போயிருந்தார்கள். கூலிக்கு மேய்க்கிறவன் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நடக்க முடியாததால் சாமிக்கண்ணுவை மட்டும் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். அண்ணி தொட்டியிலிருந்து இரண்டு கையும் கூட்டி அள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். நான் ராஜப்பனோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணி" என்றேன்.

"சத்தம் போடாத கண்ணம்மா. ஒரேயொரு தடவதான்." அவள் குட்டியின் முன்னால் மண்டியிட்டாள். "இதுக்குக் குடுத்துப் பாக்கறேன். சாமி ஒண்ணும் பண்ணலன்னா, இது தேறுச்சுன்னா, நாளன்னைக்கே எம்பையனத் தூக்கிட்டு நடந்தே தருமபுரி போயிருவேன். உங்கண்ணனக் கேக்க மாட்டேன், உங்கம்மாவையும் கேக்க மாட்டேன். நேரா அவனுக்கு எதையும் குடுக்க எனக்குப் பயமா இருக்குது. இதுக்குன்னா..."

அவள் முடிக்கவில்லை. குட்டி அவள் கையை நக்கத் தொடங்கியிருந்தது. நாக்கு தேயும்படி நக்கியது. உப்பு தீர்ந்த பிறகும் விரலிடுக்கை விடவில்லை. அண்ணி எழுந்து ஓடிப்போய் இன்னொரு கை அள்ளி வந்தாள். அதுவும் தீர்ந்தது.

"தின்னுது பாருடி! எப்பிடித் தின்னுது பாரு!" என்று என்னைப் பார்த்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் ராஜப்பன் பிறந்த அன்றைக்குப் பிறகு பார்க்கவில்லை.

மற்றக் குட்டிகள் தினமும் தொட்டியில் வேண்டியமட்டும் நக்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்கும் ஆகாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். ராஜப்பனுக்கு அன்று உடம்பு சூடாக இருந்தது. அவனை மடியில் போட்டுக்கொண்டு நானும் தூங்கிப்போனேன். கொட்டகைக்குள் தண்ணீர் இல்லை. கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்த வெயில் காலம்.

அண்ணியும் அம்மாவும் வழியில் சந்தித்து ஒன்றாக வந்தார்கள். கொட்டகையில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டு அம்மா முதலில் எட்டிப் பார்த்தாள். சாமிக்கண்ணு கால்களை அகட்டி நின்று தலையைக் கம்பத்தில் முட்டிக்கொண்டிருந்தது. காதிலிருந்து வால்வரை அதன் உடம்பு உதறியது. நின்றது. மறுபடி உதறியது.

அம்மா சந்தைக்கூடையைக் கீழே போட்டாள்.

"துலுக்குது! அடியே, துலுக்குது!"

எங்கள் ஊரில் சாமிக்குக் கிடா வெட்டுமுன் அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லாரும் காத்திருப்பார்கள். கிடா உடம்பை உதறித் துலுக்கினால்தான் சாமி ஒத்துக்கொண்டதாக அர்த்தம். துலுக்காத கிடாவை வெட்ட மாட்டார்கள். இங்கே தண்ணீரும் ஊற்றவில்லை, பம்பையும் அடிக்கவில்லை. குட்டி தானாகத் துலுக்கியது.

"ஆத்தா, வந்துட்டியா? கூப்புடாமயே வந்துட்டியா?" அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டாள். ராணியம்மாளும் இன்னும் சில பெண்களும் ஓடி வந்தார்கள். குலவை போட்டார்கள். குட்டியின் வாயில் நுரை தள்ளியது. நாக்கு வெளியே தொங்கி, காற்றை நக்கியது.

நான் உள்ளே போய்ப் பானையிலிருந்த தண்ணீரைச் சொம்பில் எடுத்து வந்தேன். அத்தனை பெண்களைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். "அம்மா, அதுக்குத் தாகம்" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தண்ணி எதுக்குடி? தண்ணி ஊத்தாமயே அவ சம்மதிச்சுட்டா."

"ஊத்தறதுக்கு இல்லம்மா, குடிக்கறதுக்கு."

யாரும் கேட்கவில்லை. அண்ணிதான் என் கையிலிருந்து சொம்பை வாங்கினாள். குட்டியின் வாயில் வைத்தாள். அது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கழுத்துத் துணியை நனைத்துக்கொண்டு கீழே போயிற்று. குட்டி பக்கவாட்டில் சரிந்து, படுத்தபடியே ஓடுவதுபோலக் காலை உதைத்தது. வெயில் இறங்குவதற்குள் செத்துப்போயிற்று.

அம்மாவுக்கு அது துக்கமாகத் தெரியவில்லை. "நாம வெட்டறதுக்கு முந்தியே அவளே எடுத்துக்கிட்டா. கடன் தீந்துச்சு. இனி எம்பேரன் நடப்பான் பாரு" என்று எல்லாரிடமும் சொன்னாள். குட்டியைக் கோயில் வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். ராஜப்பன் மட்டும், "சாமிக்கண்ணு எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணி அன்றைக்கிருந்து தொட்டிப் பக்கம் போகவில்லை. உரலைத் தொடவில்லை. தருமபுரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து, இரண்டு பேரும் தண்ணீருக்குப் போகிற வழியில் நானே கேட்டேன்.

"அண்ணி, எப்பப் போறது?"

"எங்க?"

"தருமபுரிக்கு."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "போவ மாட்டேன். தொட்டதும் எடுத்துட்டா பாத்தியா? ஆட்டுக்கு மருந்து குடுத்ததுக்கே இப்பிடின்னா, பையனுக்குக் குடுத்தா வுட்டுவெப்பாளா?"

"சாமி இல்ல அண்ணி. உப்பு நெறையா தின்னுட்டு, தண்ணி இல்லாமச் செத்துப்போச்சு."

"மத்ததெல்லாம் தெனம் திங்குதே, அது ஏன் சாவல?"

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் ஊர்ப்பண்டிகை நடந்தது. ராஜப்பன் நடக்கவில்லை. அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றினாள், கால்விரல் தரையில் படும்படி கொஞ்சம் இறக்கி இறக்கிப் பிடித்தாள். அடுத்த வாரமே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு வயிற்றுப்போக்கு. கூழ்த்தண்ணீர்கூடத் தங்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. குட்டிகளின் பேர்களைச் சொல்லுவான், பாதியில் நிறுத்துவான்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா அண்ணனைக் கூப்பிட்டாள். "வண்டியக் கட்டுடா."

"எங்கம்மா?"

"தருமபுரிக்கு. வேறெங்க? போற உசுரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கச் சொல்றியா?"

அண்ணன் ஓடிப்போய் மாட்டைப் பூட்டினான். வண்டியில் வைக்கோல் போட்டு, அதன்மேல் அம்மா தன் புடவையை விரித்தாள். உள்ளே வந்து பையனைத் தூக்கக் கையை நீட்டினாள். அண்ணி அவனை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

"வேண்டாங்க அத்தெ."

"என்னாடி வேண்டாம்? நீதான கெடந்து குதிச்ச, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு?"

"சாமி அதத் தானா எடுக்கலீங்க. நாந்தான் குடுத்தேன். நீங்க சந்தைக்குப் போன அன்னிக்கு, ரெண்டு கை உப்பு. உங்க பேச்ச மீறிக் குடுத்தேன். அதான் எடுத்துட்டா. இவனுக்கும் குடுத்தா இவனையும் எடுத்துருவா. நான் குடுக்க மாட்டேங்க. எங்கையால ஒண்ணு போனது போதும்."

அம்மா நின்றாள். கோபப்படுவாள் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கோபப்படவில்லை. கீழே உட்கார்ந்தாள். அண்ணியின் பாதத்தின்மேல் கையை வைத்தாள். மாமியார் மருமகளின் காலைத் தொட்டதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"ஆடு போனா போவுது காவேரி. குத்தம் இருந்தா என்மேல இருக்கட்டும், நாஞ் சாமிகிட்டச் சொல்லிக்கறேன். புள்ளயக் குடு. எந்தாயே, குடுத்துரு."

"வேண்டாங்க."

"ஏங்க, நீங்க சொல்லுங்க" என்று அண்ணி வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். அவன் சாட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். எப்போதும் அம்மா சொல்கிறபடிதான் கேட்பான். அன்றைக்கு அம்மா சொல்லியும் அவனால் அவள் மடியிலிருந்து பையனைப் பிடுங்க முடியவில்லை. வெயில் ஏறியது. பூட்டிய மாடுகள் நின்று நின்று காலை மாற்றின. உச்சிப்பொழுதில் அவன் போய் அவற்றை அவிழ்த்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் ராஜப்பன் செத்துப்போனான். அண்ணி அழவில்லை. "நாந்தான் ஒண்ணும் குடுக்கலயே" என்று மட்டும் சொன்னாள். "நாந்தான் ஒண்ணுமே குடுக்கலயே ஆத்தா." இருட்டும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மாதான் உப்பு இடித்தாள். யாரும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் உலக்கைச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தபோது, முகமெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்து இடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு குட்டிகள் ஒன்றும் சாகவில்லை. சந்தையில் அவற்றைப் பார்த்து, எந்த ஊர் ஆடு என்று கேட்டார்களாம். அண்ணன் வந்து சொன்னான்.

அடுத்த தையில் நஞ்சப்பன் மறுபடி வந்தார். நாயைக் கட்டச் சொன்னார். புதுக்குட்டிகளைப் பிடித்து விலாவை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம்.

"அசை போடுது பாருங்க, இத்தனை சின்ன வயசுல! இந்தத் தாலுக்காவுல நான் சொன்னத ஒழுங்காக் கேட்டது உங்க வூடு ஒண்ணுதாம்மா. யாரு இடிக்கறீங்க?"

"நாந்தான்" என்றாள் அம்மா.

"பையன் எப்பிடி இருக்கான்? தருமபுரிக்குப் போனீங்களா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கம்பவுண்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் இடுப்பு வெறுமையாக இருந்தது. அவர் கையிலிருந்த குட்டியை மெதுவாகக் கீழே விட்டார்.

அப்போது அண்ணி வெளியே வந்தாள். எட்டு மாதமாக அவள் வெளி ஆள் யாரோடும் பேசியதில்லை. அவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உப்பே காட்டாம வெச்சிருந்த குட்டிங்க. ரொம்ப நாளா. அதுக்கு மொதல்ல எவ்வளவு குடுக்கணுங்க?"

ஆட்டுப்பேச்சு வந்ததில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்ததுபோல இருந்தது. "நல்லாக் கேட்டீங்க. அத மட்டும் பாத்துக் குடுக்கணும். உப்பு காணாத குட்டி வெறிபுடிச்ச மாதிரி திங்கும், நிறுத்தாது. ஒரேயடியாத் தின்னுட்டு, பக்கத்துல தண்ணியும் இல்லன்னா, ஒடம்பு உதறி உதறிச் செத்துப்போவும். பழகுனதுக்கு ஒண்ணும் பண்ணாது. பழகாததுக்கு மொத வாரம் இவ்வளவு." ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. "இதுக்குமேல கூடாது."

"உதறிங்களா?"

"ஆமாங்க. குளிர்ல நடுங்கற மாதிரி."

அண்ணி அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா, "காவேரி" என்றாள். அண்ணி திரும்பவில்லை.

"வெயில்ல வந்திருக்கீங்க. மோர் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். சொம்பில் மோர் ஊற்றியாகிவிட்டது. அண்ணி அடுப்படியில் உப்புப்பானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூடி திறந்திருந்தது. வலது கையை இடது கையால் இறுகப் பிடித்து மார்போடு வைத்திருந்தாள்.

"கண்ணம்மா" என்றாள் என்னைப் பார்க்காமல். "இதுக்கு நீ போட்டுக் குடு."